வீட்டு விளம்பரப் படமும் நேரில் உள்ள இடமும் ஒத்துவராதபோது: அறிகுறி வாரியாகச் சோதிக்கும் வழிமுறை

வளைகுடா நாடுகளிலும் பெங்களூருவிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் உறவினர்கள், கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ வீடோ மனையோ வாங்க நினைக்கும்போது, புரோக்கர் அனுப்பிய படங்களை எனக்கு அனுப்பி நேரில் பார்த்துச் சொல்லும்படி கேட்பது நெடுநாளாக நடந்துவருகிறது. அப்படிப் போய்ப் பார்த்த இடங்களில், படத்துக்கும் இடத்துக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரே சில வகைகளில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வகைகளைக் கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு வந்த படத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே செல்லலாம். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலிலும், பெருஞ்செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். வந்த படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிராமல், நீங்கள் சொல்லும் படத்தை எடுத்து அனுப்பும்படி கேளுங்கள். நேர்மையாக விற்பவர் அன்றைக்கோ மறுநாளோ அனுப்பிவிடுவார். ஒரு வாரம் கடந்தும் அனுப்பாதவரிடம் பேச்சை நிறுத்திவிடுவது நல்லது. படங்களை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ வழியாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பும்போது உதிர்ந்துவிடும் தேதியும், போனில் இடக்குறிப்பு இயங்கியிருந்தால் எடுத்த இடமும், அவ்வழியில் கோப்போடு சேர்ந்தே வரும்.

## அறிகுறி: அறைகள் மிகப் பெரியனவாகத் தெரிகின்றன

செல்போன் கேமராவில் 0.5 என்ற எண்ணைத் தொட்டால் திறக்கும் அகலக் கோண லென்ஸ்தான் பெரும்பாலும் காரணம். பத்துக்குப் பத்து அடி அறையின் வாசலுக்கு வெளியே நின்று அந்த லென்ஸில் எடுத்தால், அது கல்யாண வீட்டுக் கூடம் அளவுக்கு விரிந்து தெரியும். படத்தின் ஓரத்தில் உள்ள மின்விசிறி வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இழுபட்டிருக்கிறதா, கதவு நிலைகள் வெளிப்புறம் சாய்ந்திருக்கின்றனவா, அருகில் உள்ள கட்டிலின் கால்மாடு தலைமாட்டைவிட மிக அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அகல லென்ஸ்தான் என்று முடிவு செய்யலாம்.

அளவை அறிய டைல்ஸை எண்ணுவதே நம்பகமான வழி. அண்மைக் காலத்து வீடுகளில் கூடத்திலும் படுக்கையறையிலும் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் பதித்திருப்பார்கள். நான்கடிக்கு இரண்டடி டைல்ஸும் இப்போது பரவலாகிவருகிறது. எந்த அளவு என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு, ஒரு சுவரின் அடியோடு எத்தனை டைல்ஸ் ஓடுகின்றன என்று எண்ணுங்கள். லென்ஸ் உருவத்தை எவ்வளவு இழுத்தாலும் டைல்ஸின் எண்ணிக்கையை மாற்ற முடியாது. இரண்டடி டைல்ஸ் ஐந்து இருந்தால் அந்தச் சுவர் பத்து அடி. அதற்கு மேல் இல்லை. பழைய ஓட்டு வீடுகளில் சிவப்பு சிமெண்ட் தரையோ மொசைக்கோ இருக்கும் என்பதால் எண்ண முடியாது. அங்கே மின்விசிறியை வைத்துக் கணக்கிடலாம். வீடுகளில் வழக்கமாக மாட்டும் விசிறியின் சுழல்வட்டம் 48 அங்குலம், அதாவது நான்கு அடி. உள்ளறைக் கதவு பெரும்பாலும் மூன்றடி அகலமும் ஏழடி உயரமும் கொண்டது.

அடுத்த காரணம், அறையைக் காலிசெய்துவிட்டு எடுத்த படம். இரட்டைக் கட்டிலையும் ஓர் அலமாரியையும் போட்டபின் நடக்க எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதைத் தாளில் வரைந்து பார்த்தால் போதும்.

செலவு வைக்கும் காரணம், சொன்ன சதுர அடியே தவறாக இருப்பது. போர்ட்டிகோ, மாடிப்படி, சன்ஷேடு ஆகியவற்றையெல்லாம் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தையும் வீட்டு வரி ரசீதையும் கேட்டு வாங்கி, அவற்றில் உள்ள பரப்பை விளம்பரத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகிறது, ஆனால் இரண்டு அளவுகளும் ஒத்துவரவில்லை என்றால், ஒரு சிவில் பொறியாளரை வைத்து அளந்த பிறகே விலையைத் தொடர்ந்து பேச வேண்டும்.

## அறிகுறி: சுவர்கள் புதிதாகப் பளிச்சிடுகின்றன, எங்கும் ஒரு கறைகூட இல்லை

எல்லா விளக்குகளையும் போட்டு, போனே தானாக வெளிச்சத்தைக் கூட்டிய படமாக இது இருக்கலாம். சன்னலுக்கு வெளியே எதுவுமே தெரியாமல் வெள்ளையாக இருந்தால் உள்ளே இருட்டுதான் என்று கொள்ளலாம். மாலை நான்கு மணிக்கு விளக்குகளை அணைத்துவிட்டு, எல்லாச் சன்னல்களையும் திறந்துவைத்து எடுத்த படம் ஒன்று கேளுங்கள்.

இந்த மாவட்டத்தில் இந்த அறிகுறியை ஒருபோதும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை மட்டுமே பெரிதும் நம்பியிருக்க, இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. சுவர் நன்றாகக் காய்வதற்குக் கிடைப்பது தை, மாசி, பங்குனி மாதங்கள்தாம். பெயிண்ட் அடிப்பதும் படம் எடுப்பதும் அந்த மாதங்களில்தான் நடக்கின்றன. ஆகவே பிப்ரவரியில் எடுத்த படத்தில் கறை இல்லை என்பது அக்டோபரைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

கீழ்க்கண்ட இடங்களைக் குறிப்பிட்டு அருகிலிருந்து எடுத்த படங்களைக் கேளுங்கள். சுவரின் அடியிலிருந்து இரண்டடி உயரம் வரை உள்ள பகுதி, அலமாரியை நகர்த்தியபின் தெரியும் சுவர், குளியலறைச் சுவரின் மறுபக்கம், கூரையும் சுவரும் சேரும் மூலைகள், சன்ஷேடின் அடிப்பகுதி, மொட்டைமாடியில் தண்ணீர் வெளியேறும் குழாய்வாய் ஆகியவை அவை. அடிச்சுவரில் மட்டும் நிறம் மேலே உள்ளதைவிடச் சற்று வேறாக இருந்தால், அங்கே புட்டி பூசி அண்மையில் மறைத்திருக்கிறார்கள். உப்புப் பூத்ததுபோல் வெண்பொடி தெரிந்தால் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. நேரில் செல்பவர் உள்ளங்கையைச் சுவரில் சிறிது நேரம் அழுத்திவைத்துக் குளிர்ச்சியைப் பார்க்க வேண்டும். விரல் மடக்கித் தட்டினால் பொள்ளென்று ஓசை வரும் இடங்களைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். பூட்டியிருந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் சில நொடிகளில் வரும் வாடையைக் கவனிப்பது முக்கியம், ஏனென்றால் சற்று நேரத்தில் மூக்கு அதற்குப் பழகிவிடும்.

பொறியாளரைக் கட்டாயம் அழைக்க வேண்டிய நிலை இது: கூரையின் அடியில் கம்பி ஓடும் திசையிலேயே பழுப்புக் கோடுகள் தெரிவது, அல்லது காங்கிரீட் ஓரிடத்திலாவது பெயர்ந்து கம்பி வெளிப்பட்டிருப்பது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கம்பியைத் துருவேற்றி, பத்துப் பதினைந்து ஆண்டு வயதுள்ள கூரையையே பலவீனப்படுத்திவிடுவதைப் பார்க்கலாம். பெயிண்ட் அடித்த படத்தில் இது தெரியவே தெரியாது. கூரையை மாற்ற நேர்ந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணம் மிகச் சிறியது.

## அறிகுறி: எல்லாப் படங்களும் ஒரே பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே அதிகக் கவனம் தேவைப்படும் அறிகுறி இதுதான். வீட்டின் முகப்பு நான்கு படங்களில் வரும். கூடம் மூன்று படங்களில் வரும். பின்புறமும் ஒரு பக்கவாட்டும் எந்தப் படத்திலும் வராது. படத்தில் ஒரு பொய்கூட இருக்காது. சொல்லாமல் விட்டது மட்டுமே இருக்கும்.

முதலில் படங்களை வரிசைப்படுத்தி, எந்தத் திசை விடுபட்டிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திசையில் என்ன இருக்கக்கூடும் என்பதற்கு இம்மாவட்டத்தில் அடிக்கடி காணும் விடைகள் சில உண்டு. சாதாரணமானது, பக்கத்து வீட்டுச் சுவர் இரண்டடி இடைவெளியில் இருப்பது, அல்லது பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழி கிணற்றுக்கு அருகில் இருப்பது. கிணறுள்ள வீட்டில் இரண்டாவது மிக முக்கியம். கிணற்றையும் சுற்றுச்சுவரையும் சேர்த்து ஒரே படத்தில் எடுக்கச் சொல்ல வேண்டும்.

அதற்கு அடுத்தது, அண்டையில் இருக்கும் தொழில். முந்திரி ஆலையின் புகை, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டு, ஒட்டுபால் (ரப்பர் மரத்தில் உறைந்துபோன பால்) தேக்கிவைத்திருக்கும் கொட்டகையின் நாற்றம், கல் உடைக்கும் கிரஷரின் தூசி ஆகியவை எந்தப் படத்திலும் பதிவாகாதவை. இவற்றைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, விற்பவருக்குச் சொல்லாமல் வேலை நாளில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் போய் நிற்பதுதான். மேற்குப் பகுதியில் வீட்டை ஒட்டி உயரமான ரப்பர் மரங்கள் இருந்தால் அவை யாருடையவை என்று கேட்டுவைக்க வேண்டும். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் வீசியபோது ரப்பர் தோட்டங்கள் வேரோடு சாய்ந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மிகுந்த செலவும் மனவேதனையும் தருபவை அரசோடு தொடர்புடைய அண்டைகள். தலைக்கு மேலே செல்லும் உயரழுத்த மின்கம்பி (ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்றாலைகளிலிருந்து வரும் கம்பிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்), ரயில் பாதை, நான்குவழிச் சாலைக்காக எடுக்கப்பட்ட நிலம் ஆகியவற்றைச் சொல்கிறேன். ‘நான்குவழிச் சாலைக்கு அருகில்’ என்று விளம்பரத்தில் இருந்தாலும், சாலை மேடாக உயர்ந்து செல்லுமிடத்தில் மறுபுறம் கடக்க அடுத்த சுரங்கப்பாதை வரை சுற்றிப் போக வேண்டியிருக்கும். மின்கம்பிக்கு மொட்டைமாடியின் நடுவில் நின்று வானத்தையும் சேர்த்து நான்கு பக்கமும் எடுத்த காணொளி கேளுங்கள். நிலத்தின் ஒரு பகுதியாவது கையகப்படுத்தலில் வருகிறதா என்ற ஐயம் எழுந்தால், சர்வே எண்ணுடன் வழக்கறிஞரிடம் செல்ல வேண்டும். புரோக்கரின் வாய்மொழி உறுதி இங்கே போதாது.

## அறிகுறி: பின்னணியில் மலையோ கடலோ மிக அருகில் நிற்கிறது

தூரத்தில் நின்று சூம் செய்து எடுத்தால் வேளிமலையும் தாடகை மலையும் வீட்டுக் கொல்லையில் இருப்பதுபோல் வந்து நிற்கும். சூம் இல்லாமல், சன்னலுக்கு இரண்டடி உள்ளே நின்று, சன்னல் சட்டமும் தெரியும்படி எடுத்த படத்தைக் கேட்டால் உண்மை உடனே விளங்கும். ட்ரோன் படமாக இருந்தால் அது மரங்களுக்கு மேலிருந்து பார்த்த காட்சி. அந்த உயரத்தில் உங்கள் வீட்டில் யாரும் உட்காரப் போவதில்லை. பக்கத்து மனை காலியாக இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அங்கே இரண்டு மாடி எழும்பிவிட்டால் அந்தக் காட்சிக்காகக் கொடுத்த கூடுதல் விலை வீண்.

கடலோ மலையோ உண்மையிலேயே அருகில் இருந்துவிட்டால் சிக்கல் வேறு வடிவில் வரும். உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. மலையடிவாரக் கிராமங்கள் பல ஹாக்கா எனப்படும் மலையிடப் பாதுகாப்பு வரம்புக்குள் வருகின்றன. இரண்டிலும் கட்டடம் கட்டுவதற்குக் கூடுதல் அனுமதி தேவைப்படும். காலிமனையாக இருந்தால், கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் எழுதி நகர ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டபிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

## அறிகுறி: ‘கிழக்கு பார்த்த வாசல்’ என்கிறார்கள், படத்தின் நிழல் வேறு சொல்கிறது

சிறிய காரணம், படம் இடவலமாகப் புரண்டிருப்பது. சுவரில் தொங்கும் காலண்டரின் எழுத்துகளோ வெளியே நிற்கும் வண்டியின் எண்ணோ கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் அதுதான். இல்லையென்றால் நிழலைப் பாருங்கள். காலைப் படத்தில் நிழல் மேற்கு நோக்கியும், மாலைப் படத்தில் கிழக்கு நோக்கியும் விழ வேண்டும். நண்பகல் நிழலை வைத்து மட்டும் தீர்மானிக்கக் கூடாது. நாம் ஏறத்தாழ 8 பாகை வடக்கு அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை உச்சிவெயில் வடக்கிலிருந்து விழும், நிழல் தெற்கே சாயும். வாசலில் வெளியே பார்த்து நின்று போனில் உள்ள திசைகாட்டியைத் திறந்து திரைப்பதிவு அனுப்பச் சொன்னால் இந்தக் கேள்வி முடிந்துவிடும். இதற்கு நிபுணர் யாரும் தேவையில்லை.

## அறிகுறி: மனைக்கு முன்னால் அகலமான சாலை தெரிகிறது

போனைத் தரையோடு தாழ்த்திப் பிடித்து எடுத்தால் எட்டடிப் பாதையும் நெடுஞ்சாலைபோல் விரியும். பாதையில் ஒரு சிறிய கார் நின்றால் அதை அளவாகக் கொள்ளுங்கள். அதன் அகலம் ஏறத்தாழ ஐந்தரை அடி. காருக்கு இருபுறமும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தால் மதிப்பு கிடைத்துவிடும். அதற்கும் மேலாக, பேருந்து செல்லும் சாலையிலிருந்து மனையின் வாசல் வரை வெட்டில்லாமல் நடந்தபடியே எடுத்த ஒரே காணொளியைக் கேட்க வேண்டும். பாதி வழியில் நிறுத்தி மறுபடியும் தொடங்கியிருந்தால், நிறுத்திய இடத்தில்தான் பாதை குறுகுகிறது என்று வைத்துக்கொண்டு, அந்த இடத்தின் குறுக்கே டேப்பை நீட்டி எடுத்த படத்தைக் கேளுங்கள். ‘லாரி மனை வரை வருமா?’ என்பதையும் எழுத்தில் கேளுங்கள். கல்லும் மணலும் கம்பியும் தலைச்சுமையாக வர வேண்டியிருந்தால் கட்டுமானச் செலவு நன்றாகவே ஏறும்.

விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் நிலம் மேடும் பள்ளமுமாகத் தட்டுத்தட்டாக இருப்பதால், சாலையில் நின்று எடுத்த படத்தில் மனை சமதளம்போல் தெரிந்தாலும், உண்மையில் அது சாலையைவிட ஆளுயரம் தாழ்ந்திருக்கலாம். மனையின் பின் எல்லையில் நின்று, சாலையில் ஓர் ஆள் நிற்கும்படி, மேல்நோக்கி எடுத்த படம் ஒன்றே போதும், வித்தியாசம் தெரிந்துவிடும். கருங்கல் தடுப்புச் சுவரும் மண் நிரப்புதலும் சேர்ந்தால் மனையின் விலையில் கணிசமான பங்கை அவையே விழுங்கும்.

பெருஞ்சிக்கல், அந்தப் பாதை யாருடையது என்பது. அனந்தனாறு, தோவாளை, பட்டணங்கால் போன்ற பாசனச் சானல்களின் கரைமேல் செல்லும் வழிகள் படத்தில் சாலையாகவே தெரியும். அவை நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள கரைகள்; சானலைக் கடந்து வீட்டுக்குப் பாலம் போடுவதற்கும் அந்தத் துறையின் அனுமதி வேண்டும். வேறு சில இடங்களில் பாதை முன்வீட்டுக்காரரின் பட்டா நிலத்தில் ஓடும். வழிப்பாதை உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்காது. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். புலப்படத்தில் அந்தப் பாதை காணப்படவில்லை என்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். வட்டாட்சியர் அலுவலகம் வழியாக நில அளவரை வைத்து எல்லை அளப்பதும், மூலப்பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டுவதும் அடுத்த படிகள். 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்பு இம்மாவட்டம் திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்ததால், பழைய ஆதாரங்கள் (பத்திரங்கள்) மலையாளத்தில் எழுதப்பட்டிருப்பதுண்டு. அவற்றை வாசிக்கத் தெரிந்த உள்ளூர் வழக்கறிஞரையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

## அறிகுறி: மனை காய்ந்து, சிவந்த மண்ணோடு சுத்தமாக இருக்கிறது

வெயில் காலத்துப் படம் என்பது எளிய விளக்கம். புதிதாக நிரப்பிய வயல் என்பது கடினமான விளக்கம். நாஞ்சில் நாட்டு வயல்களிலும் மேற்கே ஏலாக்கள் எனப்படும் தாழ்வான வயல்வெளிகளிலும் செம்மண் அடித்து மனைகளாக்கியது ஏராளம். மனையின் மண் சுற்றியுள்ள மண்ணைவிட நிறத்தில் வேறாக இருந்தாலும், வேலிக்கு அப்பால் கோரையோ ஆகாயத்தாமரையோ தெரிந்தாலும், பக்கத்து மதிலில் ஒரே உயரத்தில் பாசிக்கோடு இருந்தாலும் ஐயப்பட வேண்டும்.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் வசதி உண்டு. மனையின் இடத்தைத் திறந்து ஆண்டுகளைப் பின்னோக்கி நகர்த்தினால், அந்த இடம் எந்த ஆண்டு வரை வயலாகவோ நீர்நிலையின் ஓரமாகவோ இருந்தது என்பது கண்ணுக்கே தெரியும். பட்டாவில் நஞ்சை என்று இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, விற்பவரிடம் அல்லாமல் நான்கு வீடு தள்ளி வசிப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘2021 நவம்பர் மழையில் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது?’ மாவட்டம் முழுக்க வெள்ளம் சூழ்ந்த மழை அது என்பதால் யாருக்கும் நினைவிருக்கும். பழையாற்றங்கரையிலும் குழித்துறை ஆற்றங்கரையிலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் திரும்பவே கூடாது.

நிரப்பிய நிலம் என்று உறுதியானபின்னும் வாங்க விருப்பம் இருந்தால், விலை பேசுவதற்கு முன்பே மண் பரிசோதனை செய்யுங்கள். கெட்டியான மண் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அடித்தளச் செலவு அமையும். குளம், ஓடை, வாய்க்கால் என்று ஆவணத்தில் ஓரமாகவாவது வந்தால் வழக்கறிஞரின் எழுத்துபூர்வமான கருத்து இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

## அறிகுறி: விலையோ வாடகையோ மிகக் குறைவு, படமோ மிக அழகு

அந்தப் படம் வேறு ஊரின் வீடாக இருக்கலாம். கூகுள் லென்ஸில் படத்தை இட்டுத் தேடினால், அதே படம் திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ உள்ள வேறொரு விளம்பரத்தில் கிடைப்பதுண்டு. வாசலில் நிற்கும் வண்டிகளின் எண்களும் உதவும். நாகர்கோவிலுக்கு டிஎன் 74, மார்த்தாண்டத்துக்கு டிஎன் 75. களியக்காவிளைப் பக்கம் கேரள எண்கள் இயல்பு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பழைய படமும் ஒரு காரணம். அன்றைய நாளிதழை வாசற்படியில் வைத்து, வீட்டின் முகப்போடு சேர்த்து எடுத்த படத்தைக் கேளுங்கள். உயிரோட்டமான காணொளி அழைப்பில் நீங்கள் சொல்லும் பக்கம் திரும்பச் சொல்வது அதைவிட நல்லது. அண்மைய மின்கட்டண ரசீதிலும் வீட்டு வரி ரசீதிலும் உள்ள பெயரும், உங்களோடு பேசுபவரின் பெயரும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். பெயர் வேறாக இருந்தால் அதிகாரப் பத்திரத்தை (பவர் ஆஃப் அட்டர்னி) காட்டச் சொல்லுங்கள்.

‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாறுதலில் போகிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், டோக்கன் அட்வான்ஸ் மட்டும் போடுங்கள்’ என்று சொல்லி அடையாள அட்டையின் படத்தை அனுப்புபவர் மோசடிக்காரர் என்றே கொள்ளுங்கள். அவர் அனுப்பும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியே போகும். பணம் வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே, அந்த மணிநேரத்திலேயே, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிவு செய்து வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் அந்தப் பணத்தை முடக்கிவைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

## அறிகுறி: படங்கள் கணினியில் வரைந்தவை

கட்டி முடியாத குடியிருப்புத் திட்டங்களில் இது இயல்பே. திட்ட நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ பன்னிரண்டரை சென்ட்டுக்கு மேல் இருந்து, வீடுகள் எட்டுக்கும் அதிகமானால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். பதிவு எண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் இட்டு, அனுமதி பெற்ற வரைபடத்தைப் படத்தோடு ஒப்பிடுங்கள். படத்தில் உள்ள பூங்காவும் நீச்சல்குளமும் வரைபடத்தில் இல்லையென்றால் அவை வாக்குறுதியே அல்ல. பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கட்டுநருக்கு அனுமதி இல்லை. ஐந்து சென்ட்டில் தனித்தனியாகக் கட்டி விற்கும் வீடுகளுக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது என்பதால், அங்கே மேலே சொன்ன சோதனைகள் அனைத்தையும் நீங்களே செய்ய வேண்டியிருக்கும்.

## முன்பணம் கொடுத்தபிறகு தெரியவந்தால்

விளம்பரத்தின் திரைப்பதிவு, படங்கள் வந்த வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, நேரில் எடுத்த உங்கள் படங்கள் ஆகியவற்றை அன்றே தனியாகச் சேமித்துவிடுங்கள். விளம்பரம் மறுநாள் காணாமல் போகலாம். உரையாடலை அழிக்க வேண்டாம். விற்பவரிடம் தொலைபேசியில் சண்டையிடுவதைத் தவிர்த்து, எந்தப் படம் எந்த வகையில் உண்மைக்கு மாறானது என்று எழுத்தில் கேட்டுப் பதிலைப் பெறுங்கள்.

பதிவு பெற்ற திட்டமாக இருந்தால், 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவு உதவும். தவறான விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுத்தவர் திட்டத்திலிருந்து விலக விரும்பினால், முழுப் பணத்தையும் வட்டியோடு திரும்பப் பெற அது வழிசெய்கிறது. தனிநபரிடமிருந்து வாங்கும்போது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவுதான் அடிப்படை. வஞ்சனையாலோ தவறான தகவலாலோ பெற்ற ஒப்புதலை நீங்கள் விலக்கிக்கொள்ளலாம். ஆனால் சாதாரணக் கவனத்தோடு விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயம் என்று எதிர்த்தரப்பு வாதிட அதே பிரிவில் இடம் உண்டு. ஆகவேதான் கேள்விகளையெல்லாம் எழுத்தில் கேட்கச் சொல்கிறேன். நீங்கள் கேட்டதற்கும், அவர் மறைத்ததற்கும் அந்த உரையாடலே சான்றாக நிற்கும்.

கட்டுநரோ புரோக்கர் நிறுவனமோ சேவை தருபவராக இருந்த இடங்களில், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கி, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை செல்லலாம். வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க இயலாதவர்களும், பெண்களும், பட்டியல் இனத்தவரும், பழங்குடியினரும் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பதற்கான கால வரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்வரை காத்திராமல், ஊரில் உள்ள நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து இப்போதே தொடங்கிவிட வேண்டும்.